காய்ச்சலை அலட்சியம் செய்ய வேண்டாம்: இன்ஃப்ளூயன்சாவும் பிற வைரஸ் தொற்றுகளும்



ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் காய்ச்சல் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. இந்த மாதங்களில் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர் பாட்டிலோடு தாய்மார்கள் நிற்பார்கள். ஓதித் தருகிறோம். ஷிஃபாவுக்காக துஆவும் செய்கிறோம். கூடவே, காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் கேட்கிறோம். பெரும்பாலும் வரும் பதில், "மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்" என்பதுதான்.

எல்லாக் காய்ச்சலும் ஒன்றல்ல. சிலவற்றுக்கு ஓய்வும் கஞ்சியும் போதும். சிலவற்றுக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். சிலவற்றில் ஒரு மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். இவற்றைப் பிரித்து அறிவதற்கு உதவவே இந்தக் கட்டுரை.

மருத்துவம் செய்வது மார்க்கத்தின் கட்டளை

அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (புகாரி). கிராமவாசிகள் சிலர் வந்து, நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கேட்டபோது, செய்து கொள்ளுங்கள் என்றே பதிலளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). எனவே மருந்து உண்பது தவக்குலுக்கு எதிரானது அல்ல. ஓதிப் பார்ப்பதும் சுன்னத், மருத்துவரிடம் செல்வதும் சுன்னத். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை விடுவதில்தான் சிக்கல் வருகிறது.

இன்ஃப்ளூயன்சா என்றால் என்ன?

நாம் "ஃப்ளூ காய்ச்சல்" என்று சொல்வது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வரும் சுவாச நோய். இந்த வைரஸில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. ஆண்டுதோறும் மனிதர்களிடையே பரவுபவை ஏ, பி ஆகிய இரண்டும். எச்1என்1, எச்3என்2 என்று செய்திகளில் படிப்பவை ஏ வகையின் உட்பிரிவுகள். வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களைக் குறிப்பவையே 'எச்', 'என்' என்ற எழுத்துகள்.

இந்த வைரஸ் தன் மேலுறையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். போன வருடம் காய்ச்சல் வந்து குணமானவருக்கு இந்த வருடமும் வருவதற்கு இதுவே காரணம். எப்போதாவது முற்றிலும் புதிய உருவில் வந்துவிட்டால், யாருடைய உடலிலும் அதற்கு எதிர்ப்பு இருக்காது. அப்போது உலகம் முழுவதும் கொள்ளைநோயாகப் பரவுகிறது. 1918-ல் அப்படி வந்தபோது இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

1957-ல் வந்த கொள்ளைநோய் இந்தியாவுக்குள் நுழைந்ததே நமது சென்னை வழியாகத்தான். அந்த ஆண்டு மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். அங்கிருந்து சில வாரங்களில் நாடு முழுவதும் பரவியது. 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் அதிகம். பதிவான மரணங்கள் 1,098. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆனால் நோய் பல லட்சம் பேரைத் தொடும்போது, அதில் சிறு பங்கு இறந்தாலும் ஆயிரம் குடும்பங்கள் ஒருவரை இழக்கின்றன.

2009-ல் எச்1என்1 "பன்றிக் காய்ச்சல்" என்ற பெயரில் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைக் கொள்ளைநோய் என அறிவித்தது. அந்த வைரஸ் மறைந்துவிடவில்லை. இன்று வழக்கமான ஃப்ளூ வைரஸ்களில் ஒன்றாக நம்மிடையே சுற்றி வருகிறது. பன்றி இறைச்சி உண்ணாத நமக்கு அது வராது என்று சிலர் நினைப்பது தவறு. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சு வழியாகவே பரவுகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது, தமிழக அரசு மார்ச் 10 அன்று ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது நினைவிருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஃப்ளூவால் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை சுவாசக் கோளாறால் இறக்கிறார்கள்.

அறிகுறிகள்

சாதாரண சளி மெதுவாக வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், காய்ச்சல் இருந்தாலும் லேசாக இருக்கும். ஃப்ளூ திடீரென்று ஆளைச் சாய்க்கும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் குளிர் நடுக்கத்தோடு வீடு திரும்புவார். கடுமையான காய்ச்சல், உடல் வலி, தலைவலி, வறட்டு இருமல், தொண்டை வலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு ஆகியவை இருக்கும். குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் தெரியாமல், குழப்பமான பேச்சும் அசதியும் மட்டும் தெரியலாம்.

கிருமி உடலில் புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள் நோய் தெரியும். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவத் தொடங்கி, 5 முதல் 7 நாட்கள் வரை பரவும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாட்கள் கூடுதலாகப் பரவலாம். காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். இருமலும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம்.

ஃப்ளூ போலவே தோன்றும் பிற நோய்கள்

கொரோனா: இன்றும் பரவி வருகிறது. அறிகுறிகளை வைத்து மட்டும் ஃப்ளூவிலிருந்து பிரித்தறிய முடியாது. பரிசோதனைதான் வழி.

எச்எம்பிவி: 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் ஒருவர் வீதம் கண்டறியப்பட்டபோது பெரும் பீதி கிளம்பியது. இது புதிய கிருமி அல்ல, 2001-லேயே கண்டறியப்பட்டது. பெரும்பாலோருக்குச் சளி, இருமலோடு போய்விடும். கைக்குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை.

டெங்கு: நம் பகுதியில் ஃப்ளூ வரும் அதே மழைக்காலத்தில் வருவதால் குழப்பம் அதிகம். இது கொசுவால் பரவுகிறது. சளி, இருமல் பொதுவாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை தெரியும். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நிம்மதி அடையும் நாளில் கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிபா: 2018-ல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைப் பறித்த நோய். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதருக்கு வருகிறது. காய்ச்சலோடு மூளை வீக்கமும் மூச்சுத் திணறலும் ஏற்படும். பாதிக்கப்பட்டவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள். தமிழகத்தில் அச்சப்படும் நிலை இல்லை. ஆனால் வௌவால், அணில் கடித்துப் போட்ட பழங்களைக் குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்வது எல்லாக் காலத்துக்கும் நல்லது.

வீட்டிலேயே பார்க்கலாமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

ஃப்ளூ நோயாளிகளை நம் நாட்டு மருத்துவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். எச்1என்1 காலத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த முறை இது.

ஏ பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல் வலி. பரிசோதனையோ வைரஸ் மருந்தோ தேவையில்லை. வீட்டில் ஓய்வு போதும். ஓரிரு நாள் கவனித்து, குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பி பிரிவு: கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவர்கள். மேலும், லேசான அறிகுறி இருந்தாலும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள்: சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள். இவர்களுக்கு மருத்துவர் வைரஸ் மருந்து தொடங்கலாம்.

சி பிரிவு: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், ரத்தம் கலந்த சளி, உதடும் நகமும் நீலமாவது, ரத்த அழுத்தம் குறைவது. குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடப்பது, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, வலிப்பு. இவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை உண்டு. காய்ச்சல் இறங்கி இரண்டு நாள் நன்றாக இருந்தவருக்கு மீண்டும் காய்ச்சலும் இருமலும் கூடினால், நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம். ஃப்ளூவில் நேரும் மரணங்கள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சை

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு அளவு, வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. மருத்துவர் எழுதிய அளவை மீறக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை புரூஃபென் போன்ற மாத்திரைகளும் வலிக்கான ஊசியும் வேண்டாம். அவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.

காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்குமாறு நபிமொழி வழிகாட்டுகிறது (புகாரி). வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடலைத் துடைத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் அதை மருத்துவருக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃப்ளூ வைரஸுக்கு எதிரான முக்கிய மருந்து ஒசெல்டாமிவிர். 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, 5 நாட்கள் தரப்படுகிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். நிலை மோசமானவர்களுக்கு அதற்குப் பிறகும் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் தரலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி உண்ணக் கூடாது. பி பிரிவில் உள்ளவர்கள் மூன்றாம் நாள் வரை மெடிக்கல் மாத்திரையில் ஓட்டினால், இந்த மருந்தின் முழுப் பலனும் கிடைக்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள்.

அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பாக்டீரியாவை அழிப்பவை. வைரஸிடம் அவற்றுக்கு வேலை இல்லை. தேவையின்றி உண்டால், நிஜமாகவே நிமோனியா வரும் நாளில் அந்த மருந்து கேட்காமல் போகும்.

ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலும் அம்பத்தூர் மண்டலத்தின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காய்ச்சலுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். பெரிய சிகிச்சைக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் சகோதரர்கள் பலர், சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலோடு வேலைக்குப் போகிறார்கள். இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படுபவர்கள் இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழோடு விடுப்பு எடுத்தால், விதிகளுக்கு உட்பட்டு ஊதியத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாகப் பெற முடியும். இது நமது உரிமை. பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஃப்ளூ தடுப்பூசியும் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. ஆகவே வருடம் ஒருமுறை போட வேண்டும். போட்ட பிறகு பாதுகாப்பு உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். சென்னையில் மழைக்காலத்தில் ஃப்ளூ அதிகரிப்பதால், அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. 6 மாதம் நிறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, இதய, ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். இது நோயை முழுமையாகத் தடுக்காவிட்டாலும், நோய் முற்றுவதையும் மரணத்தையும் பெருமளவு குறைக்கிறது. ஹஜ் பயணிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியோடு, 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் போடப்படுவது இதனால்தான்.

அதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று நம் மக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளிநாடுகளில் பயன்படும், மூக்கில் தெளிக்கும் ஒரு வகை ஃப்ளூ மருந்தில் பன்றி ஜெலட்டின் உண்டு. பிரிட்டனில் அதை விரும்பாத பெற்றோரின் குழந்தைகளுக்கு, ஜெலட்டின் இல்லாத ஊசியைத் தருகிறார்கள். ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பு மருந்து பொதுவாகக் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கப்படுவது. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் உட்பொருள் விவரத்தைக் கேளுங்கள். அறியாமல் மறுப்பதைவிட அறிந்து முடிவெடுப்பதே மார்க்கம் விரும்புவது.

பள்ளிவாசலும் நோயாளியும்

காய்ச்சலோடும் இருமலோடும் ஜமாஅத்துக்கு வருவதைப் பேணுதல் என்று சிலர் எண்ணுகிறார்கள். நோய், ஜமாஅத்தையும் ஜும்ஆவையும் விடுவதற்கு மார்க்கம் ஏற்றுக்கொண்ட காரணம். வெள்ளைப் பூண்டு தின்றவரையே, வாடையால் பிறருக்குத் தொல்லை என்பதால் பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, நோயைத் தொற்றவைப்பது எவ்வளவு பெரிய தொல்லை? முதல் ஸஃப்பில் நிற்பவர்களில் பலர் சர்க்கரையும் இதய நோயும் உள்ள முதியவர்கள். அவர்களைக் காப்பது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. வீட்டில் லுஹர் தொழுது கொள்ளுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். தண்ணீரால் நோய் கூடும் என்றால் தயம்மும் உண்டு.

முஸாஃபஹா செய்யாவிட்டால் மனம் நோகுமே என்ற தயக்கமும் வேண்டாம். ஸகீஃப் குலத்தாரின் குழுவில் தொழுநோயாளி ஒருவர் இருந்தார். உமது பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் செய்தி அனுப்பினார்கள் (முஸ்லிம்). கையைப் பிடிக்காமலேயே அவருடைய பைஅத் நிறைவேறியது. ஸலாம் வாயால் சொன்னால் நிறைவேறிவிடும். நோய் விசாரிக்கவும் போன் போதும். நேரில் போனால் முகக்கவசத்தோடு சற்று நேரம் மட்டும் இருங்கள். தும்மும்போது நபியவர்கள் கையாலோ துணியாலோ முகத்தை மறைத்துக்கொண்டார்கள் என்ற செய்தியும் அபூதாவூதில் உள்ளது.

மாலை மக்தப் மதரஸாவுக்குக் காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்பாதீர்கள். மருந்து இல்லாமலேயே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு அனுப்பலாம். ஒரு சிறிய அறையில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஓதும் பிள்ளைகள், கிருமியைத் தங்கள் வீட்டிலுள்ள பாட்டனாருக்கும் பச்சிளம் தம்பிக்கும் எடுத்துச் செல்கிறார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மழைக்காலத்தில் பள்ளியின் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், ஹவுள் அருகே சோப்பு வைப்பதும், ஜும்ஆவில் இதை அறிவிப்பதும் பெரிய உதவியாக இருக்கும்.

விதியும் முயற்சியும்

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்தானே, பிறகு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் நடைமுறையே பதில். ஹிஜ்ரி 18-ல் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்ஃக் என்ற இடம் வரை சென்ற அவர்கள், ஆலோசனைக்குப் பின் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். நோய் பரவும் ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்போது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்து, அந்த முடிவை உறுதி செய்தார்கள் (புகாரி).

இன்று நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் செய்ய வேண்டியவை இவைதான்: தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தனி அறையோ, காற்றோட்டமான ஒரு மூலையோ கொடுங்கள். கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி, சிறு குழந்தை என்றால் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஓதிய தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள், மருந்தையும் நேரம் தவறாமல் கொடுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! நம் குடும்பங்களையும் அண்டை வீட்டாரையும் கொடிய நோய்களிலிருந்து காப்பானாக! ஆமீன்.